மீனாவின் வீட்டுக்காரர்

வில்லாபுரத்தில் முத்துமீனாவின் வீட்டுக்காரரைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் அவரைப் பற்றிக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் பதில் சொல்வார்கள். வெளியூரில் வேலை, தங்கமான மனுஷன், குடி கிடி எதுவும் இல்லை, பாவம் அடிக்கடி லீவு கிடைக்காது. இல்லாத ஓர் ஆளுக்கு இத்தனை நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவள் மீனாவின் அம்மா பாண்டியம்மாள். இருக்கிற புருஷன்மார்களுக்கே அந்தத் தெருவில் இப்படிப் பெயர் கிடையாது.

பாண்டியம்மாள் அவனியாபுரம் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். பிறந்தது செக்கானூரணிப் பக்கம். வாக்கப்பட்டு மதுரைக்கு வந்தாள். புருஷன் சுருளி மூட்டை தூக்கினான். மீனா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு மண்டபம், மண்டபத்துக்கு அவள். முகூர்த்த நாளில் அண்டா குண்டாவோடு மல்லுக்கட்டுவாள்; முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வீடுகளில் வேலை பார்ப்பாள். எங்கே போனாலும் கூடவே மீனா.

மீனாவுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. உடம்புக்குத்தான் முப்பது. மனசு ஆறேழு வயதிலேயே நின்றுவிட்டது. பிறந்தபோது வெகுநேரம் அழாமல் கிடந்த பிள்ளை. அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். சோறு போட்டால் சாப்பிடுவாள், தலை வாரிக்கொள்ளத் தெரியாது. பாட்டுப் போட்டால் ஆடுவாள், ரோட்டைக் கடக்கத் தெரியாது. இதில் ஒரு வினை என்னவென்றால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வாட்டசாட்டமான பெண், லட்சணமான முகம். நாலு வார்த்தை பேசினால் நன்றாகத்தான் பேசுவாள். ஐந்தாவது வார்த்தையில்தான் விஷயம் தெரியவரும். அந்த ஐந்தாவது வார்த்தை வரைக்கும் காத்திருந்து, தெரிந்துகொண்டு, பிறகும் கிட்டே வருகிறவன்தான் ஆபத்தானவன். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒருவன் மண்டபத்துக்கே வந்தான்.

மேடைக்குப் பூ அலங்காரம் செய்ய வந்த கூட்டத்தில் ஒருத்தன். மீனாவுக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ கொடுத்தான், குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தான், ஜெனரேட்டர் இருக்கும் பின்கட்டில் இன்னும் நிறையப் பூ இருக்கிறது, வா என்று கூட்டிப் போனான். பூ கொடுக்கிறேன் என்றால் மீனா யாரோடும் போவாள். பாண்டியம்மாள் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஓடின வேகத்தில் கையில் இருந்த கரண்டியாலேயே அவன் மண்டையைப் பிளந்திருப்பாள். அவன் சுவரேறிக் குதித்துவிட்டான். நல்ல வேளை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று முதல் பாண்டியம்மாள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கூட வேலை பார்க்கும் மாயக்காள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“ஏத்தா, கழுத்துல ஒரு மஞ்சக் கயிறு கெடந்தா ஒருத்தன் கிட்ட வருவானா? கட்டுனவன் கேப்பான்னு பயம் இருக்கும்ல. புருஷன் இருக்கானா இல்லையான்னு எவனும் வந்து எண்ணிப் பாக்கப் போறதில்ல.”

கேட்டதும் பாண்டியம்மாளுக்குத் திக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சல்லிசான காவல் வேறு இல்லை. போலீசுக்குப் போனால் அலைச்சல். வீட்டில் பூட்டி வைத்தால் பிள்ளை கத்தும். மஞ்சள் கயிறு மண்டபத்தில் குவியலாகக் கிடக்கிறது. தாலிப் பொன்னுக்கு எங்கே போவது? ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்தார்கள். தான் கட்டக்கூடாது, தாலி இழந்தவள் என்று பாண்டியம்மாள் பின்வாங்கினாள். மாயக்காள் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

“எம்புருஷன் இருந்தும் இல்லாதவந்தான். ஆனா கணக்குக்கு இருக்கான்ல, அந்த ராசில நான் கட்டுறேன்.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாமி படம் போட்ட காலண்டருக்கு முன்னால் மீனாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வரவில்லை. மீனா ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். மண்டபத்தில் எத்தனையோ பெண்களுக்கு நடப்பதைப் பார்த்தவள், கடைசியில் தனக்கும் நடந்துவிட்டது என்று பூரித்துப்போனாள்.

கயிறு மட்டும் போதாது, வாயும் வேண்டும். பாண்டியம்மாள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். யாராவது பேச்சுக் கொடுத்தால், “எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு” என்று சொல்ல வேண்டும். பெயர் கேட்டால்? பெயர் சொல்லிக் கொடுத்தால் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்லி மாட்டிக்கொள்வாள். அதற்கும் ஊர் வழக்கமே கைகொடுத்தது. புருஷன் பெயரைப் பொண்டாட்டி சொல்லலாமா? “பேரைக் கேட்டா வாயைப் பொத்திக்கிட்டு வெக்கப்படணும், அம்புட்டுத்தான்” என்றாள். மீனா அதை எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்கிறீர்கள்! வலது கையால் வாயைப் பொத்தி, தலையைச் சாய்த்து, தோள் குலுங்க ஒரு சிரிப்பு. புதுப்பொண்டாட்டிகூட அவ்வளவு அழகாக வெட்கப்பட மாட்டாள்.

பாடம் பலித்தது. பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றவன் “இப்ப வந்துருவாரு” என்றதும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனான். மண்டபத்தில் பூக்காரப் பயல்கள் “வாங்க அக்கா, போங்க அக்கா” என்று மரியாதையாகப் பேசினார்கள். விசேஷ வீட்டுப் பெண்கள் மீனாவையும் கூப்பிட்டுக் குங்குமம் கொடுத்தார்கள், வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். அதுவரை ‘அந்தப் பாத்திரக்காரி மக, லூசு’ என்று சொன்ன வாய்களே அப்படிக் கூப்பிட்டன. வருஷங்கள் போயின. மீனா கயிறு நைந்தால் புதுக் கயிறு கேட்பாள். பாண்டியம்மாளுக்கே சில சமயம் வெளியூரில் ஒரு மருமகன் இருப்பது போலத் தோன்றும்.

பிறகு பாண்டியம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. அண்டாவைத் தூக்கினால் கண் இருட்டியது. பெரியாஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயம் ரத்தத்தை இழுத்துத் தள்ளுகிற சக்தி ரொம்பக் குறைந்துவிட்டது, மாத்திரையில் ஓட்டலாம், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்கள். தனக்குச் சாவு வரப்போகிறதே என்று அவளுக்குப் பெரிதாகக் கவலை வரவில்லை. மீனாவை என்ன செய்வது? அந்த ஒரு கேள்விதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

தம்பி பாண்டியராஜனிடம் போனாள். ஊரில் தோட்டமும் டிராக்டருமாக நன்றாக இருக்கிறான். அக்காவுக்கு மோர் கொடுத்து, ஃபேனைப் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அக்கா, எனக்கு ஆசை இல்லாம இல்ல. வீட்டுல ரெண்டு பயலுக வயசுக்கு வந்து நிக்கிறாய்ங்க. நான் காலைல தோட்டத்துக்குப் போனா பொழுது சாயத்தான் வாரேன். நாளைக்கு ஒண்ணுன்னா நான் ஒனக்கு எப்பிடிப் பதில் சொல்லுவேன்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பாண்டியம்மாளால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினாள்.

திருநகரைத் தாண்டி ஓர் இல்லம் இருந்தது. மீனாவைப் போன்ற பெண்கள் அங்கே இருந்தார்கள். சுத்தமாக இருந்தது, வேப்ப மரம் இருந்தது, சாயங்காலம் பாட்டுப் போட்டு ஆடவிட்டார்கள். பாண்டியம்மாள் சமையற்கட்டுக்குள் போய்ப் பாத்திரங்களைத்தான் முதலில் பார்த்தாள். அவள் ஓர் இடத்தை எடைபோடுவது அப்படித்தான். பளிச்சென்று இருந்தன. இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டாள். இல்லத்துக்காரர்களுக்கும் சம்மதம். ஆனால் ஒன்று சொன்னார்கள். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் யாராக இருந்தாலும் மேஜர்; பெற்றவளே ஆனாலும் அவள் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. புத்தி வளர்ச்சி குறைந்தவர்களுக்குச் சட்டப்படிக் காப்பாளரை நியமிக்க மாவட்டத்தில் ஒரு கமிட்டி இருக்கிறது. அதில் பாண்டியம்மாள் பெயருக்கு உத்தரவு வாங்கி வர வேண்டும்; அவளுக்குப் பிறகு இல்லமே காப்பாளராக இருக்கவும் வழி உண்டு. உத்தரவு இல்லாமல் ஒரு பெண்ணை உள்ளே வைத்தால் நாளைக்குக் கடத்தி வைத்திருக்கிறோம் என்று ஆகிவிடும்.

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். நாதியில்லாதவர்களைச் சொந்தக்காரனே ஏய்த்துவிடக்கூடாது என்று யோசித்துப் போட்ட சட்டம். சம்பந்தப்பட்டவரை நேரில் உட்காரவைத்து, அவர் வாயால் அவர் விருப்பத்தைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்கிறது. முப்பது வருஷத்தில் மீனாவிடம் முதன்முதலாக ‘உனக்கு என்னம்மா வேணும்’ என்று கேட்ட அரசாங்க வாசகம் அது. அந்தக் கேள்விக்குத்தான் மீனாவிடம் ஏற்கெனவே தயாராக ஒரு பதில் இருந்தது.

பாண்டியம்மாள் மனுப் போட்டாள்; விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் மீனாவுக்கு நல்ல சேலை கட்டி, பூ வைத்துக் கூட்டிப் போனாள். கயிற்றைப் பற்றிப் பாண்டியம்மாளுக்கு நினைப்பே இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடி நினைவிருக்குமா, அது மாதிரி. கமிட்டி அலுவலர் சரண்யாதேவி நாற்பது வயதுக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். மீனாவைத் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பெயர் கேட்டார், என்ன பிடிக்கும் என்று கேட்டார். பூ பிடிக்கும், டீக்கடையில் விற்கிற இனிப்புப் பால்பன் பிடிக்கும் என்றாள் மீனா. அலுவலரின் பார்வை மீனாவின் கழுத்துக்குப் போனது.

“கல்யாணம் ஆயிருச்சாம்மா ஒனக்கு?”

“ஆயிருச்சே. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு.”

பாண்டியம்மாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“அவர் பேரு என்ன?”

மீனா வாயைப் பொத்தி, தலையைச் சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

“அம்மா, அது பொய்ங்கம்மா” என்று பாண்டியம்மாள் எழுந்துவிட்டாள். “நாந்தேன் கட்டச் சொன்னேன். ஆம்பளைங்க தொந்தரவுக்காக. புருஷனும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்மா கயிறுங்கம்மா அது.”

“உக்காருங்கம்மா. அவங்க பேசட்டும்” என்றார் சரண்யாதேவி. “மீனா, அந்தக் கயித்தைக் கழட்டிக் குடுக்குறியா, பாத்துட்டுத் தர்றேன்?”

கழற்றவா? மண்டபத்தில் வளர்ந்த பெண் அவள். தாலியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறிய அலறலில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அதட்டியதும் இன்னும் அதிகமாக அலறினாள். பெயரைக் கேட்டால் வாயைப் பொத்துகிறாள், கயிற்றைத் தொட்டால் நடுங்குகிறாள், தாய் அதட்டுகிறாள். வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு இதெல்லாம் என்னவாகத் தோன்றும்? சரண்யாதேவியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரியாத பெண்ணுக்கு எவனையோ பிடித்துக் கட்டிவைத்துவிட்டு, பிறகு இல்லத்தில் தள்ளிவிடப் பார்க்கிற குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார்.

“கல்யாணம் நடந்திருந்தா அந்த ஆள் யாரு, எங்க இருக்காருன்னு தெரியணும்மா. அவரு இவங்களை எப்படி நடத்துனாருன்னு தெரியணும். விசாரிக்காம உத்தரவு போட்டா நான் என் கடமையைச் செய்யலைன்னு அர்த்தம்.”

“இல்லாத ஆளை எங்கிட்டுப் போயிம்மா விசாரிப்பீங்க?” என்றாள் பாண்டியம்மாள்.

விசாரிக்க வில்லாபுரத்துக்கே வந்தார்கள். ஆபீஸிலிருந்து ஒரு பெண்மணியும் கூட ஒரு பெண் போலீசும். பாண்டியம்மாள் வேலைக்குப் போயிருந்த நேரம். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தெரு முழுக்க ஒரே நினைப்பாக நினைத்தது: பாவம், பாண்டியம்மாளுக்கு ஏதோ கேஸ். ஆபத்துக்கு உதவாத அக்கம்பக்கம் என்ன அக்கம்பக்கம்? ஆளாளுக்கு உதவினார்கள். மருமகன் திருப்பூரில் இருக்கிறார் என்றாள் ஒருத்தி. இல்லை, கேரளாவில் என்றாள் இன்னொருத்தி. போன தீபாவளிக்கு வந்தபோது தானே பார்த்ததாக மூன்றாம் வீட்டுப் பெரியவர் சத்தியம் செய்தார். எல்லாவற்றுக்கும் மேலே மாயக்காள். அவளைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

“கல்யாணம் நடக்காம என்ன? நாந்தானே முன்ன நின்னு நடத்துனேன்! முறைப்படி நடந்த கல்யாணம்ங்க.”

அன்று மத்தியானம் விஷயம் தெரிந்ததும் பாண்டியம்மாள் தேய்த்துக்கொண்டிருந்த குண்டாவை எட்டி உதைத்தாள். அதற்கே மூச்சு இரைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடி பாவி, நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

“போலீசு வந்து கேக்குது. ஒன்னையக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?” மாயக்காள் அழுதேவிட்டாள். “கட்டுனது பொய்னு சொன்னா ஒன்னைய உள்ள வச்சிருவாய்ங்கன்னு நெனச்சேன்த்தா. அந்தப் பிள்ளைக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?”

அவளை என்ன சொல்லித் திட்டுவது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே எல்லாரும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு கை மண் போட்டுப் பிள்ளையார் பிடித்தார்கள். மறுநாள் மாயக்காளை இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்ல வைத்தாள். “அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க” என்றார்கள் அங்கே. நியாயமான கேள்வி. மாயக்காள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த விசாரணையில் மீனாவிடமே மறுபடி கேட்போம், அவங்க சொல்றதுதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார் சரண்யாதேவி.

மீனா சொல்வதுதான் முக்கியம். அப்படியென்றால் மீனாவுக்குத்தான் பாடத்தை மாற்ற வேண்டும்.

கயிற்றை எப்படி எடுப்பது என்று முதலில் யோசித்தாள். பாண்டியம்மாளுக்குத் தெரிந்த உலகத்தில் கழுத்துக் கயிறு இறங்குவதற்கு ஒரே ஒரு வழிதான். புருஷன் செத்துப்போனான் என்று பிள்ளையிடம் சொல்லலாம். நாலு பெண்களை உட்காரவைத்து, பூவைப் பறித்து… அதுவரை நினைத்தவள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். இருந்திராத ஒருவனுக்காக இந்தப் பிள்ளை அழ வேண்டுமா? கயிற்றை ஜாக்கெட்டுக்குள் விட்டு ஊக்குக் குத்தினாள். வாயை மட்டும் மாற்றப் பார்த்தாள்.

“யாரு கேட்டாலும், எனக்கு யாரும் இல்லன்னு சொல்லணும். சரியா?”

“அவரு?”

“அவரு இல்ல.”

“வேலைக்குப் போயிருக்காரா?”

“வேலைக்கும் போகல. அவருன்னு யாருமே கெடையாது.”

மீனா யோசித்தாள். “அப்ப வீட்டுல இருக்காரா?” என்று எழுந்து போய் அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

பாண்டியம்மாள் சிரிப்பதா, அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா? வேறு வழியில்லாமல் பால்பன் வாங்கி வந்தாள். ஒரு தடவை சரியாகச் சொன்னால் ஒரு துண்டு. பால்பனுக்கு முன்னால் எந்தப் புருஷன் நிற்பான்? மீனா மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டாள். பல் தேய்க்கும்போது, பாத்திரம் அடுக்கும்போது, ஜடை பின்னும்போது, எந்நேரமும் பாடம்தான். “எனக்கு யாரும் இல்ல.” “இன்னொரு தரம்.” “எனக்கு யாரும் இல்ல.” பெற்றவளை எதிரில் வைத்துக்கொண்டு பிள்ளை அதைச் சொல்லச் சொல்ல, சபாஷ், சபாஷ் என்று பன்னைப் பிய்த்து ஊட்டினாள் பாண்டியம்மாள். சொல்லிக் கொடுக்கிறோமே, இது என்ன வார்த்தை என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. சாயங்காலமானால் நெஞ்சை அழுத்துகிற பாரத்தில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உத்தரவு வந்துவிட வேண்டும், பிள்ளையை அந்த வேப்ப மரத்தடியில் விட்டுவிட வேண்டும். பிறகு என்ன ஆனாலும் சரி.

இரண்டாவது விசாரணைக்கு வந்தபோது படியேற முடியாமல் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தாள். மீனா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். உள்ளே சரண்யாதேவியோடு கமிட்டியைச் சேர்ந்த இன்னொருவரும் இருந்தார். அவர் ஒரு மாற்றுத்திறனாளி, பேச்சில் கனிவு உள்ளவர்.

“மீனா, நல்லா இருக்கியா? ஒங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?” என்று சாதாரணமாகக் கேட்டார் சரண்யாதேவி.

மீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எனக்கு யாரும் இல்ல” என்றாள். தெளிவாக, தடுமாறாமல், ஒரு எழுத்து பிசகாமல்.

பாண்டியம்மாளுக்கு உயிர் வந்தது. சாமியைக் கும்பிட்டாள். அந்த நேரம் மீனா அம்மாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

“சொல்லிட்டேன்ல? பால்பன் குடு.”

சரண்யாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“மீனா, இங்க பாரு. இவங்க ஒனக்கு யாரு?” என்று பாண்டியம்மாளைக் காட்டிக் கேட்டார்.

மீனா அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்தது. யார் கேட்டாலும் என்றுதானே பாடம்? அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“எனக்கு யாரும் இல்ல.”

பிறகு நடந்ததில் பாண்டியம்மாளுக்குப் பாதி காதில் விழவில்லை. தாய் சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறாள், அன்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி என்றார்கள். யாருக்கோ பயந்து எதையோ மறைப்பது போல இருக்கிறது, ஒரு பெண்ணின் பாதுகாப்பு விஷயத்தில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு விட முடியாது என்றார்கள். தாயின் செல்வாக்கு இல்லாத ஓர் இடத்தில் மீனாவை வைத்து, நிபுணர் ஒருவர் மெல்லப் பழகி, உண்மை என்ன என்று அறியட்டும் என்று முடிவானது. மேலதிகாரிகளிடம் பேசி, அப்படி வைக்கிற உத்தரவுக்கும் ஏற்பாடானது. எல்லாம் சட்டப்படி. எல்லாம் மீனாவின் நன்மைக்கு.

சரண்யாதேவி எழுந்து பாண்டியம்மாளின் பக்கத்தில் வந்து நின்றார். “பயப்படாதீங்கம்மா. நீங்க கேட்ட அதே எடத்துக்குத்தான் அனுப்புறோம், திருநகர்ப் பக்கம். நல்லாப் பாத்துக்குவாங்க.”

“நான் எப்ப வந்து பாக்கலாம்?”

“விசாரணை முடியுற வரைக்கும் நீங்க பாக்கக் கூடாதும்மா. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே.”

“எப்பம்மா முடியும்?”

அவர் கையில் இருந்த காகிதத்தை மடித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. பாண்டியம்மாளும் மேலே கேட்கவில்லை. தன் நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றி அவர்களிடம் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சொன்னால் அதையும் சொல்லிக் கொடுத்த பேச்சு என்றுதானே நினைப்பார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவளுடைய புளுகு இத்தனை வருஷம் நின்று பிள்ளையைக் காத்தது. இனி அவள் சொல்கிற நிஜம் ஒரு நாள்கூட நிற்காது.

கீழே வேன் நின்றது. கூட வருகிற பெண் போலீஸ் காகிதத்தில் கையெழுத்து வாங்க உள்ளே போயிருந்தார். மீனா ஜன்னலோர இடத்தைப் பிடித்து உட்கார்ந்து, வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வண்டியில் போவது அவளுக்குப் பிடிக்கும். எங்கே போகிறோம், யார் வரவில்லை என்பதெல்லாம் இன்னும் அவளுக்கு எட்டவில்லை. அவளிடம் போய் நின்றால் தாங்காது என்று பாண்டியம்மாள் முன்பக்கம் போனாள். டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, குக்கர் விசில் சத்தம் கேட்டா பயந்துக்கிருவா. காதைப் பொத்திக்கச் சொல்லணும்.”

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா?”

“வெண்டிக்கா வச்சா திங்க மாட்டா, அதட்டக் கூடாது. தலைக்கு ஊத்தும்போது முன்னாடியே சொல்லிட்டு ஊத்தணும், இல்லன்னா மூச்சுத் திணறிரும். பொம்பளைச் சமாச்சாரம் வந்தா அவளுக்குச் சொல்லத் தெரியாது, மொகத்தைப் பாத்துத்தான் கண்டுக்கிறணும். கீழ் ஒதட்டைக் கடிச்சுக்கிட்டே இருப்பா.”

“அம்மா, நான் டிரைவர்மா. வண்டி மட்டுந்தான் ஓட்டுவேன். உள்ள இருக்குறவங்கட்டச் சொல்லுங்க.”

“உள்ள யாரும் கேக்கலண்ணே.”

டிரைவர் பின்னால் திரும்பி மீனாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு கதவுக் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, “சொல்லுங்க” என்றார்.

“இடது பக்கமாத்தான் படுப்பா. போர்வைக்கு வெளிய கால் தெரியக் கூடாது, தெரிஞ்சா எந்திரிச்சு உக்காந்துக்கிருவா. யாராச்சும் பூ குடுத்தா கூடப் போயிருவாண்ணே, அதை மட்டும் அங்கன மறக்காமச் சொல்லிருங்க. மாத்திரைய முழுங்க மாட்டா, வாழைப்பழத்துக்குள்ள வச்சு…”

மூச்சு முட்டியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பெண் போலீஸ் வந்து ஏறிக்கொண்டு, “போகலாம்ணே” என்றார். டிரைவர் பாண்டியம்மாளின் முகத்தைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். அவள் இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.